அக்காவை ஏந்திய கை

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நாம். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புகிறார்களில்லை, அம்மம்மா கதை விடுகிறா என்கிறார்கள். என் வயதுக்காரர்களான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பௌர்ணமி, அமாவாசை, நடுவில் வரும் இரண்டு அட்டமி என்று பௌத்தர்களின் நாலு போயா நாளையும் வாராந்த விடுமுறையாக்கி, ஞாயிறை வேலைநாளாக்கி வைத்திருந்தார்களே, அந்தச் சில வருடங்கள். இந்தக் கிழமை செவ்வாயில் லீவு என்றால் அடுத்த கிழமை புதனில் வரும். கலண்டரைப் பார்க்காமல் ஒருவரும் சீப்பைக்கூடக் கையில் எடுக்கமாட்டார்கள்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்களைப் போன்ற வேதக்காரக் குடும்பங்களுக்கு அது பெரிய சோதனை. ஞாயிறு விடியற்பூசைக்கு அப்பா வேலைக்குப் போகிற கந்தோர் உடுப்போடுதான் வருவார். சாப்பாட்டுப் பார்சல் அவர் குந்தியிருக்கும் வாங்குக்குக் கீழே இருக்கும். கடைசி ஆசீர்வாதம் முடியுமுன்னே ஆண்கள் வரிசை காலியாகிவிடும். துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் ஓடுகிற அந்தச் சப்பாத்துச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தக் காலத்தில்தான் என் அக்காவின் கலியாணம் வந்தது. அவளுக்கு இருபத்திரண்டு, எனக்குப் பத்து. நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அதனால் அவள் எனக்கு அக்காவும் பாதி அம்மாவும். தலை பின்னிவிடுவதும் அவள்தான், பேன் பார்த்துக் குட்டுவதும் அவள்தான்.

மாப்பிள்ளை துறைமுகத்தில் இறங்கும் சரக்கைக் கணக்கெடுக்கிற கிளார்க். அக்காவைவிடப் பதின்மூன்று பதினாலு வயது மூத்தவர். கோயில் பாட்டுக்குழுவில் அவரும் பாடினார், அக்காவும் பாடினாள். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கப்பலில் வந்த சொக்லேட்டை எனக்கு என்று சொல்லித் தருவார், கண் மட்டும் அக்காவின் பக்கம் இருக்கும். சிரித்தால் இருமல் வந்துவிடும் அவருக்கு. அப்பா முதலில் முறுக்கிக்கொண்டுதான் நின்றார். விசாரித்ததில் மாப்பிள்ளையின் ஊர் மன்னார் என்று தெரிந்ததும் இளகிவிட்டார். அப்பா ஒருகாலத்தில் தலைமன்னார் இறங்குதுறையில் வேலை பார்த்தவர், அக்கா பிறந்ததும் அங்கேதான். நம்முடைய ஆள்தானே என்று அன்றைக்கு அம்மாவிடம் சொன்னாராம்.

கலியாணத்துக்குக் குறித்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, அமாவாசைப் போயா. எல்லாருக்கும் விடுமுறை, மண்டபமும் கிடைத்தது. மறுநாள் விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். பிறகு ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கலியாணம் கிடையாது. அமாவாசையிலா பெண்ணைக் கொடுக்கிறீர்கள் என்று மூலைக்கடை முதலாளி கேட்டதற்கு, எங்களுக்கு ஏது அமாவாசை என்று அப்பா சிரித்துவிட்டு வந்தார். போயாவில் இறைச்சிக்கடை திறவாது, சாராயக்கடை திறவாது என்பதுதான் அவருடைய கவலை. அதெல்லாம் முதல்நாளே வீட்டுக்கு வந்துவிட்டது.

கேக் மட்டும் ஒரு மாதத்துக்கு முன்பே தயார். எங்கள் கலியாணக் கேக் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். மேசையில் நிற்கிற அடுக்குக் கேக் வெறும் மட்டை, வாடகைக்கு எடுத்தது. தின்கிற கேக் சின்னச் சின்னத் துண்டாகப் பெட்டிக்குள் இருக்கும். ரவையும் முந்திரிப்பருப்பும் பூசணியைப் பாகில் போட்ட தோசியும் பிராந்தியும் சேர்ந்து வீடெல்லாம் மணத்தது. அம்மா வெட்ட, அக்கா மெழுகுத்தாளில் சுற்ற, நான் பெட்டிக்குள் வைப்பேன். ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் அவர்கள் இருவருடைய பெயரின் முதலெழுத்துகளும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வெள்ளி மையில் இருக்கும். அக்கா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருவாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

கலியாணத்தன்று காலை மன்னார் ரயிலில் அக்காவின் ஞானத்தாய் வந்து இறங்கினா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அப்பா மன்னாரை விட்டு வந்த பிறகு கொழும்புப் பக்கம் வராதவ. ஒரு கையில் கருவாட்டுப் பொதி, மறு கையில் பனங்கிழங்கு ஒடியல். கலியாணப் பெண் வீட்டைவிட்டு இறங்குமுன் ஞானப்பெற்றோரின் காலடியில் முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்க வேண்டும். அது எங்கள் வழக்கம். ஞானத்தகப்பன் அம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரிய மாமா. அவர் செத்து இரண்டு வருடமாகியிருந்தது. ஆகவே ஒரு கதிரையில் ஞானத்தாயை இருத்தி, மறு கதிரையில் மாமாவின் படத்தை வைத்தார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்து அந்த மனிசி ஒரு சொல் சொன்னா. இந்த மனிசன் எந்த நாளில் நேரத்துக்கு வந்தது, என்றா. எல்லாரும் சிரித்தார்கள். மாமா எதற்கும் பிந்தி வருகிறவர் என்பது குடும்பத்துக்கே தெரியும். யாராவது ஒருவர் அந்த இடத்தில், ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வீட்டுக்குள்ளேயே காதும் காதும் வைத்தாற்போல் முடிந்திருக்கும். நேரம் போகிறது, கார் வந்துவிட்டது என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

மணப்பெண்ணுக்கு முன்னால் பூக்கூடையோடு நடக்கிற பூப்பிள்ளை நான், என் கவுண் அகலம். மணப்பெண்ணின் காரில் இடம் போதாது என்று என்னை ஞானத்தாயோடு முதல் காரில் ஏற்றினார்கள். அதனால்தான் கோயில் வாசலில் நடந்ததை நான் நேரில் கண்டேன். மாப்பிள்ளை கறுப்புக் கோட்டோடு தோழனுக்குப் பக்கத்தில் நின்றார். பெண்ணை வரவேற்க சுவாமியாரும் பூசை உடுப்போடு வெளியே வந்திருந்தார். புதிதாகக் குருப்பட்டம் பெற்ற இளம் சுவாமியார், மீசை அரும்பின பையனைப் போல முகம்.

ஞானத்தாய் காரைவிட்டு இறங்கி, மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தா. பிறகு நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினா.

"நீ எங்கட ஊர்க் கோயில் மணி அடிக்கிறவற்ற மகன் எல்லே?"

"ஓம் மாமி. அப்பர்தான் அங்க மணி அடிச்சவர்."

"பூசைக்கு உதவினவனும் நீதான். அப்ப இவளைத் தொட்டியில ஏந்தினவனும் நீதானடா தம்பி." அவ சந்தோசத்தில் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. "கொழும்பில இருந்து வாறன் எண்ட மனிசன் வந்து சேரேல்லை. பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது. பிடியடா எண்டு சுவாமி உன்னட்டத் தந்தார். கை நடுங்க நடுங்கப் பிடிச்சாய். அந்தக் கையே இண்டைக்குத் தாலி கட்டப் போகுது. கடவுளின்ர வேலையைப் பார்."

மாப்பிள்ளை சிரித்தார், இருமினார். அந்தக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகளைப் பிடித்திருப்பேன், இவளையுமா என்று கேட்டார். அவருக்கு அது நல்ல சகுனமாகத்தான் பட்டிருக்க வேண்டும். நான் சுவாமியாரைப் பார்த்தேன். அவருடைய முகம் செத்துப்போயிருந்தது.

அந்த நாளைய திருச்சபைச் சட்டம் இப்போது பலருக்கு மறந்திருக்கும். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்துகிறவர் அதற்கு ஞானத்தகப்பன் ஆகிறார். இரத்த உறவைப்போல அதுவும் ஓர் உறவு. ஞானத்தகப்பனும் ஞானமகளும் கலியாணம் கட்ட முடியாது, கட்டினாலும் செல்லாது. அக்காவின் ஞானஸ்நானப் பத்திரத்தில் மாமாவின் பெயர்தான் இருந்தது. ஆனால் மாமா அங்கே இல்லை என்று கண்ணால் கண்டவ சொல்லிவிட்டா. தன் சார்பில் ஒருவர் பிடிக்கட்டும் என்று மாமா சொல்லியனுப்பியிருந்தால் அவரே ஞானத்தகப்பன். அப்படி அனுப்பாவிட்டால், பிடித்தவரே ஞானத்தகப்பன் ஆகிவிடுவாரோ? மாமாவைக் கேட்க வழியில்லை, ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியாரும் உயிரோடில்லை. அப்பாவையும் அம்மாவையும் கேட்டார்கள். அன்றைக்குக் கப்பல் வருகிற நாள், அப்பா இறங்குதுறையில் கடமையில் இருந்தார். அம்மா பிள்ளைப்பேற்றுப் பாயில் கிடந்தா. மறுநாள் மாமா பிள்ளைக்குத் தங்கச் சங்கிலியோடு வந்து விருந்தும் சாப்பிட்டதால், ஏந்தினது யார் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

அக்கா வந்து இறங்கியபோது மணி அடிக்கவில்லை. வெள்ளைச் சேலை, தலையில் வலை, கையில் பூச்செண்டு. வாசலிலேயே ஒரு கதிரை போட்டு அவளை இருத்தினார்கள். சட்டம் கேட்க, சுவாமிமாருக்கு மேலான மேற்றிராணியாரின் இல்லத்துக்கு டாக்சியில் ஆள் போனது. ஓர்கன் வாசிக்கிறவர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். உள்ளே பீடத்தில், மந்திரிக்கத் தயாராகத் தட்டில் தாலி இருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டு, என்னடி நடக்குது என்று மெல்லக் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய கையுறைக்குள் விரல்கள் ஈரமாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

டாக்சி வெறுமையாகத் திரும்பியது. போயா விடுமுறை, அங்கே முடிவு சொல்லக்கூடிய ஒருவரும் இல்லை. கோயிலின் பின்னறையில் சுவாமியார் அப்பாவிடம் கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னார். சந்தேகத்தோடு நடத்தினால் அது கலியாணமா இல்லையா என்று தனக்கே தெரியாது, ஈஸ்டர் வரை பொறுங்கள், தடை இருந்தால்கூட மேற்றிராணியாரிடம் கேட்டால் அநேகமாக விலக்குக் கிடைக்கும் என்றார். அப்பாவின் காதில் பின்னால் சொன்னது ஒன்றும் ஏறவில்லை. ஞானத்தகப்பன் என்ற ஒரு சொல் மட்டும் ஏறியது. தகப்பன், தகப்பன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்.

அதே சொல்தான் வாங்குக்கு வாங்கு தாவி, சனத்தோடு சனமாகக் கோயிலைவிட்டு இறங்கியது. மண்டபத்தில் சமைத்த சோறு ஆறிக் கிடந்தது. பொழுதுபடுமுன் கதைக்குக் கண்ணும் மூக்கும் வைத்தாயிற்று. கோயிலில் ஏந்தினவன் என்பது போய், வளர்த்த தகப்பன் என்றார்கள். பிறகு வளர்த்த என்பதும் போய்விட்டது.

மறுநாள் விபூதிக்குப் போனோம். முதல்நாள் கலியாணத்துக்குச் சுருட்டிவிட்ட முடி அக்காவின் நெற்றியில் இன்னும் சுருள் கலையாமல் இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு அதே இளம் சுவாமியார் அவளுக்குச் சாம்பல் பூசினார். அக்கா அழவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு என்று வீட்டில் எல்லாருக்கும் அவள்தான் தைரியம் சொன்னாள். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டா. பெட்டிகளை எல்லாம் பிஸ்கட் தகரங்களில் அடுக்கி, எறும்பு ஏறாமல் தண்ணீர்ச் சட்டிக்குள் நிறுத்தி, கேக் இருக்க இருக்கத்தான் ருசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டா.

அந்தக் கிழமையைப் போல ஒரு கிழமையை நான் பிறகு கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னிடம், உன்ர அக்கா தகப்பனைக் கட்டப் போனவவாம் என்று கேட்டாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது, எனக்கும் தெரியாது, இருந்தும் அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தண்டனை வாங்கினேன். அம்மா மீன் வாங்கப் போனால் கடையில் கதை நின்றுவிடும். அப்பாவின் கந்தோரில் யாரோ பகிடி விட்டிருக்கிறார்கள். என்ன பகிடி என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் திரும்பக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை இரண்டு தரம் வந்து வாசல் படலையில் நின்றார். அப்பா கதவைத் திறக்க விடவில்லை. ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்ற அக்கா அந்தச் சீலையின் தையலை நகத்தால் பிரித்துக்கொண்டே இருந்தாள். அது பிரிந்து தொங்கியது, கனகாலம் அப்படியே தொங்கியது.

அடுத்த போயாவன்று பின்னேரம் சுவாமியார் வந்தார். கூடவே மாப்பிள்ளையும் வந்து, உள்ளே வராமல் படலையடியில் நின்றார். சுவாமியார் முற்றத்திலேயே சொல்லத் தொடங்கிவிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"பிழை என்னிலதான் ஐயா. மேல விசாரிச்சிட்டன். பத்திரத்தில பேர் இருக்கிற மாமாதான் ஞானத்தகப்பன், அதுவே போதுமாம். இவர் சும்மா பதிலுக்குப் பிடிச்சவர். ஒரு தடையும் இல்லை, அண்டைக்கும் இருக்கேல்லை. ஈஸ்டர் முடிஞ்ச கையோட நானே நடத்தி வைக்கிறன்."

அம்மா, தேவமாதாவே என்று படியில் இருந்துவிட்டா. அக்கா கதவடிக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகம் அப்படி மலர்ந்ததை நான் அன்றைக்குப் பிறகு பார்க்கவேயில்லை. அதனால்தான் அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அப்பா எழும்பவில்லை. "சட்டத்தில இல்லை, சரி சுவாமி. ரோட்டில இருக்கே. அதுக்கு ஆர் விலக்குத் தாறது?"

சனம் நாலு நாளில் மறந்துவிடும் என்று சுவாமியார் முணுமுணுத்தார். அப்பா என்னைக் கூப்பிட்டார். முற்றத்தில் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்த நான் புழுதிக் காலோடு வந்து நின்றேன். என் தோளைப் பிடித்து அக்காவின் முன்னால் நிறுத்தினார். அவருடைய குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்கா எதிர்த்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

"நீ போறதெண்டா போ பிள்ளை, நான் மறிக்கேல்லை. இவளைப் பாத்துச் சொல்லிப்போட்டுப் போ. நாளைக்கு இவளை ஆர் வந்து கேப்பான்?"

அக்கா என்னைப் பார்த்தாள். முழங்காலில் காய்ந்த புண்ணோடும் அவிழ்ந்த ரிபனோடும் நான் நின்றேன். என்ன கேட்கிறார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. அக்கா அவிழ்ந்த ரிபனை எடுத்து, ஆறுதலாக இறுக்கிக் கட்டிவிட்டாள். பிறகு நிமிர்ந்து, "வேண்டாம் சுவாமி" என்றாள்.

படலையடியில் நின்றவருக்கு அது கேட்டிருக்க வேண்டும். வெளியே போய், படலைக் கொழுக்கியைச் சத்தம் வராமல் மாட்டிவிட்டு நடந்தார். கேட்டு வாங்கித் திருகோணமலைத் துறைமுகத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். கலியாணம் கட்டினாரா, இருக்கிறாரா என்று விசாரிக்க எங்களில் ஒருவருக்கும் முகமில்லை.

பெட்டிகளில் எழுத்து இருந்ததால் கேக்கை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. ஈஸ்டரன்று அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து, துண்டுகளைத் தட்டில் குவித்து, பெட்டிகளை அடுப்பில் போட்டா. நான் தின்றேன். சத்தியமாக, நல்ல ருசியாக இருந்தது. குமர்ப்பிள்ளைகள் ஒரு துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தால் வரப்போகிற மாப்பிள்ளை கனவில் வருவான் என்பார்களே, அதையும் செய்து பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. தலையணை உறையில் பிராந்திக் கறைதான் மிஞ்சியது.

அப்பாவைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பயந்தவர். ஆனாலும் எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதை மறைக்கவும் விருப்பமில்லை. அவர் படுக்கையில் விழுந்தபோது கடைசிவரை அவரைத் துடைத்துக் கழுவியது அக்காதான். என்னைப் பெண் கேட்டு வந்தபோது, பின்னால் யாரும் சொல்லித் தெரியவேண்டாம் என்று அம்மா பழைய கதையை அவர்களிடம் எடுத்தா. பாதியிலேயே அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அப்படி ஒரு கதை நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனையிலேயே அதற்குள் முக்கால்வாசிப் பேருக்கு மறந்திருந்தது. தேநீர்த் தட்டோடு வந்த அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு கோப்பைகூடச் சிந்தவில்லை.

இப்போது நாங்கள் வெள்ளவத்தையில், கடலுக்குப் போகிற ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அக்கா என்னோடுதான். என் மகளின் மகளுக்கு அண்மையில் ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவர் மருமகனின் தம்பி, கனடாவிலிருந்து வருகிறார். அன்றைக்கென்று பிளேன் பிந்திவிட்டது. கோயிலில் சுவாமியாருக்கு அடுத்த பூசைக்கு நேரமாகிறது, குழந்தை வீரிட்டு அழுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் பிடிக்கட்டும், பெயரை மட்டும் அவருடையதாக எழுதுவோம் என்று மருமகன் சொன்னார். பையன் சிரித்துக்கொண்டு கையை நீட்டினான்.

வாங்கில் இருந்த அக்கா எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "ஆரும் பிடிக்கவேண்டாம்" என்றாள்.

காரணம் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். அவள் தானே இரண்டு வசனத்தில் சுவாமியாருக்குச் சொன்னாள், பிற்காலத்தில் பிள்ளையின் கலியாணத்துக்குத் தடை ஒன்றும் வரக்கூடாது என்று. அவர் இளம் ஆள், கனிவானவர். சிரித்துவிட்டு அவளுடைய தோளைத் தொட்டார்.

"அன்ரி, அந்தச் சட்டமே இப்ப இல்லை. எடுத்துப்போட்டினம்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எப்ப எடுத்தவை?"

"அது, நான் பிறக்கிறதுக்கும் முந்தி."

"அப்பிடியே" என்றாள் அக்கா. "ஒருத்தரும் வந்து சொல்லேல்லை."

சுவாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா குழந்தையோடு ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் போய் இருந்தாள். ஞானத்தகப்பன் வந்து சேரட்டும், நாங்கள் இருப்பம் என்றாள். அடுத்த பூசை தொடங்கி முடிந்தது, சனம் வந்து போனது. அழுது களைத்த குழந்தை அவளுடைய கையிலேயே தூங்கிவிட்டது. கை நோகும், கொஞ்சம் என்னிடம் தா என்று நான் கேட்டேன். அவள் தரவில்லை.